ஏட்டில் ஏறிய பிழை: காப்பீட்டு க்ளெய்ம் வரலாறும் வாடிக்கையாளரின் உரிமையும்

மும்பை மாட்டுங்காவில் உள்ள ஒரு வங்கிக் கிளைக்கு, நிரந்தர வைப்பை முதிர்வுக்கு முன்பே முறிக்கும் விண்ணப்பத்துடன் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். முதிர்வுக்கு நான்கே மாதங்கள் எஞ்சியிருந்தன. “இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமே சார், வட்டி குறையுமே” என்றார் அலுவலர். ஆசிரியர் பதில் சொல்லாமல் ஒரு கடிதத்தை எடுத்து மேசைமீது வைத்தார். அவருக்கு இதய இரத்தக்குழாய் அடைப்பு நீக்கும் சிகிச்சை நடந்திருந்தது. செலவு ரூ.3,80,000. மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் அந்த க்ளெய்மை நிராகரித்திருந்தது. காரணம் ஒரே வரியில் இருந்தது: பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நீரிழிவு நோய் மறைக்கப்பட்டுள்ளது.

அவர் பாலிசி எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நீரிழிவு இருப்பது தெரியவந்ததோ பத்து மாதங்களுக்கு முன்புதான். ஆனால் மருத்துவமனை தந்த டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘10 ஆண்டுகளாக நீரிழிவு’ என்று தட்டச்சாகியிருந்தது. பத்து மாதம் எப்படிப் பத்து ஆண்டாயிற்று என்பதைப் பின்னால் பார்ப்போம். ஒரு சொல் மாறியதால் நேர்மையாளர் ஒருவர் ஏட்டில் பொய்யர் ஆனார் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் கொள்வோம்.

இழப்பு அந்த ரூ.3,80,000 தொகையோடு முடிவதில்லை. ‘இதற்கு முன் எந்த நிறுவனமாவது உங்கள் க்ளெய்மையோ விண்ணப்பத்தையோ நிராகரித்துள்ளதா?’ என்ற வினா பெரும்பாலான முன்மொழிவுப் படிவங்களில் உண்டு. நாளை அவர் வேறு நிறுவனத்தை நாடினால் அந்த வினாவுக்கு ‘ஆம்’ என்றுதான் எழுத வேண்டியிருக்கும். பிழையைச் செய்தவர் ஒருவர். அதைச் சுமந்து திரிபவர் இன்னொருவர்.

யாரிடம் இருக்கிறது இந்த ஏடு?

கடன் வாங்கியவர்களுக்கு சிபில் அறிக்கை பழக்கமானது. நமது கடன் வரலாற்றைத் தொகுத்து வைப்பவர் யார், அதை எங்கே கேட்டுப் பெறுவது என்பது இன்று பலருக்கும் தெரியும். காப்பீட்டு க்ளெய்ம் வரலாறு அவ்வாறு ஒரே இடத்தில், ஒரே தாளில் வாடிக்கையாளர் கைக்கு வருவதில்லை. அது சிதறிக் கிடக்கிறது. ஒரு பகுதி காப்பீட்டு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. மருத்துவக் காப்பீடானால் இன்னொரு பகுதி, க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. எனப்படும் மூன்றாம் தரப்பு நிர்வாகியிடம் இருக்கிறது. மருத்துவமனையின் கோப்பிலும் சர்வேயரின் அறிக்கையிலும் அதன் துண்டுகள் உண்டு. இவற்றுக்கும் மேலே ஐதராபாத்தில் இந்தியக் காப்பீட்டுத் தகவல் மையம் இயங்குகிறது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ. என்று நாம் அழைக்கும் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் 2009இல் இதைத் தொடங்கியது. நிறுவனங்கள் தத்தம் பாலிசி விவரங்களையும் க்ளெய்ம் விவரங்களையும் இம்மையத்துக்கு அனுப்புகின்றன. ஒருவர் தமது மருத்துவக் காப்பீட்டை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது, பழைய நிறுவனத்திடமிருந்து புதிய நிறுவனத்துக்குத் தகவல் செல்வதும் இம்மையத்தின் இணையவாசல் வழியாகத்தான்.

அமெரிக்காவில் நிலை வேறு. அங்கே வாகனக் காப்பீட்டிலும் வீட்டுக் காப்பீட்டிலும் ஒருவர் கேட்ட க்ளெய்ம்களை ஏழு ஆண்டுகள் வரை தொகுத்து வைக்கும் ‘க்ளூ’ என்னும் அறிக்கை உண்டு. அதை லெக்சிஸ்நெக்சிஸ் என்ற நிறுவனம் நடத்துகிறது. 1970ஆம் ஆண்டின் நியாயமான கடன் தகவல் சட்டம் இதற்கும் பொருந்தும். 12 மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாக ஒரு பிரதி பெறலாம். பிழை என்று முறையிட்டால் பொதுவாக 30 நாட்களுக்குள் விசாரித்தாக வேண்டும். அறிக்கையைக் காரணம் காட்டிப் பிரீமியத்தை உயர்த்தினாலோ விண்ணப்பத்தை மறுத்தாலோ அதை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். விசாரணைக்குப் பின்னும் பிணக்கு தீராவிட்டால், தம் தரப்பு விளக்கத்தை அறிக்கையிலேயே சேர்க்கும்படி அவர் கேட்கலாம்.

நம் நாட்டில் காப்பீட்டு க்ளெய்ம் வரலாற்றுக்கென்று இத்தகைய தனிச்சட்டம் இல்லை. உரிமையே இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. உரிமைகள் பல விதிகளில் பிரிந்து கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துப் பயன்படுத்தும் வேலை வாடிக்கையாளர் தலையில் விழுகிறது.

வாகனக் காப்பீடு: போனஸை விழுங்கும் பிழை

நம்மில் மிகுதியானோர் இப்பிழையைச் சந்திக்கும் இடம் வாகனக் காப்பீடு. க்ளெய்ம் இல்லாத ஓர் ஆண்டு கழிந்தால், வாகனச் சேதத்துக்கான பிரீமியத்தில் 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கிறது. தொடர்ந்து க்ளெய்ம் இல்லாவிட்டால் அது 25, 35, 45 என்று ஏறி, ஐந்தாண்டு முடிவில் 50 விழுக்காட்டில் நிற்கிறது. ‘நோ க்ளெய்ம் போனஸ்’ என்பது இதுவே. மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியத்தில் இத்தள்ளுபடி கிடையாது. மேலும் இது வண்டிக்கு உரியதன்று, உரிமையாளருக்கு உரியது. பழைய காரை விற்றுப் புதிய கார் வாங்குபவர், பழைய நிறுவனத்திடம் உரிய சான்றைப் பெற்று, சேர்த்த போனஸைப் புதிய காருக்குக் கொண்டு போகலாம்.

சேதப் பிரீமியம் ரூ.14,000 என்றும் போனஸ் 50 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். கட்ட வேண்டியது ரூ.7,000. ஏட்டில் நாம் கேட்காத ஒரு க்ளெய்ம் ஏறிவிட்டால் அந்த ஆண்டு முழு ரூ.14,000 கட்ட வேண்டும். அடுத்த ஆண்டிலிருந்து மீண்டும் 20, 25, 35, 45 என்று ஏணி ஏறியாக வேண்டும். பிரீமியம் மாறாமலிருந்தால், பழைய நிலைக்குத் திரும்புவதற்குள் கூடுதலாகக் கட்டும் தொகை ரூ.17,500, வரி தனி.

பிழை எங்கே நுழைகிறது? பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பில். வாகன நிறுத்துமிடத்தில் யாரோ இடித்துவிட்டுச் சென்றிருப்பார்கள். பதற்றத்தில் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துச் சொல்கிறோம். ஒரு க்ளெய்ம் எண் குறுஞ்செய்தியில் வருகிறது. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ரூ.3,000 போதும் என்கிறார்கள். இதற்காகப் போனஸை இழப்பானேன் என்று கைப்பணத்தைக் கொடுத்துச் சரிசெய்துவிட்டு மறந்துவிடுகிறோம். நாம் மறந்தாலும் கணினி மறப்பதில்லை; அந்த எண் திறந்த கோப்பாகவே கிடக்கிறது. 2002ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் டாரிஃப் வகுத்த விதி, முந்தைய ஆண்டில் ‘க்ளெய்ம் கேட்கப்படாமலும், நிலுவையில் இல்லாமலும்’ இருந்தால்தான் போனஸ் என்கிறது. ஒரு ரூபாயும் பெறாத நாம், நிலுவைக்காரர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறோம்.

ஆகவே, தகவல் சொன்ன பிறகு க்ளெய்ம் வேண்டாம் என்று முடிவு செய்தால் அதை மின்னஞ்சலில் எழுதுங்கள். ‘இந்த எண்ணுள்ள க்ளெய்மைத் திரும்பப் பெறுகிறேன், தொகை எதுவும் வழங்காமல் முடித்து, அதை உறுதிசெய்து பதில் அனுப்புக’ என்ற இரண்டு வரி போதும். வரும் பதிலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள். வேறு பிழைகளும் உண்டு. பதிவெண்ணில் ஓர் எழுத்து மாறி அயலார் வண்டியின் க்ளெய்ம் நம் கணக்கில் ஏறலாம். விற்றுவிட்ட வண்டியின் பாலிசி பெயர் மாற்றப்படாமல் நம் பெயரிலேயே தொடர்ந்திருக்கலாம். பதிவெண், சேசிஸ் எண், எஞ்சின் எண் மூன்றையும் பாலிசி வந்த அன்றே பதிவுச் சான்றோடு ஒப்பிட்டால் முதல் வகைப் பிழை அன்றே அகப்பட்டுவிடும். வண்டியை விற்றவர் பாலிசியையும் வாங்கியவர் பெயருக்கு மாற்றச் சொல்லிப் பின்தொடர வேண்டும். சாவியைக் கொடுத்ததோடு நம் பொறுப்பு தீர்வதில்லை.

நிறுவனம் மாறும்போது இன்னொரு விதி நம் பக்கம் நிற்கிறது. போனஸ் உண்டு என்ற நமது உறுதிமொழியை ஏற்றுப் பாலிசி வழங்கும் புதிய நிறுவனம், 21 நாட்களுக்குள் பழைய நிறுவனத்துக்கு எழுதிச் சரிபார்க்க வேண்டும் என்றும், பழைய நிறுவனம் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்றும் அதே டாரிஃப் கூறுகிறது. ஓராண்டு வரை வாளாவிருந்து, விபத்து நடந்து க்ளெய்ம் கேட்கும் நாளில்தான் பழைய ஏட்டைப் புரட்டும் நிறுவனத்திடம், ‘அன்றே ஏன் கேட்கவில்லை?’ என்று வாடிக்கையாளர் வினவலாம். நுகர்வோர் ஆணையங்களும் இவ்வினாவை எழுப்பியிருக்கின்றன.

நமக்கு எதிரான பிழையைப் பற்றியே பேசுகிறோம். நமக்குச் சாதகமான பிழை அதனினும் ஆபத்தானது. சென்ற ஆண்டு க்ளெய்ம் பெற்றிருந்தும், பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட விரும்பும் முகவர் ‘க்ளெய்ம் இல்லை’ என்று நிரப்பிவிடுவதுண்டு. ரூ.2,000 மிச்சமானதே என்று மகிழ்ந்து சும்மா இருந்துவிட்டால், பெரிய விபத்து நேரும்போது சேத இழப்பீடு முழுவதையுமே இழக்க நேரலாம். உறுதிமொழி பொய்யானால் சேதப் பிரிவின் பலன்கள் பறிபோகும் என்ற வாசகம் அதன் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. இதைக் கண்டால் உடனே நிறுவனத்துக்கு எழுதி, வித்தியாசத் தொகையைக் கட்டி, திருத்திய பாலிசியைப் பெறுவதே அறிவுடைமை.

பத்து மாதம் பத்து ஆண்டான கதை

மருத்துவக் காப்பீட்டுக்கு வருவோம். ஆசிரியர் மருத்துவமனைக்குச் சென்று தமது முழுச் சிகிச்சைக் கோப்பின் நகலைக் கேட்டார். முதலில் அலைக்கழித்தார்கள். ‘சம்மரி கொடுத்தாயிற்றே, இன்னும் என்ன?’ என்ற பதில் வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். இவ்விதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்ட பிறகு நகல் கிடைத்தது.

அவசரப் பிரிவில் அவரை முதலில் பார்த்த மருத்துவர் கையால் எழுதிய தாளில் நீரிழிவுக்கு எதிரே ‘10/12’ என்று இருந்தது. மருத்துவர்களின் குறியீட்டில் இது பன்னிரண்டில் பத்து, அதாவது பத்து மாதம். ‘3/52’ என்றால் மூன்று வாரம். ‘5/7’ என்றால் ஐந்து நாள். இம்மரபை அறியாத யாரோ ஒருவர் சம்மரியைத் தட்டச்சு செய்யும்போது அதைப் பத்து ஆண்டாக்கிவிட்டார். சிகிச்சை அளித்தவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை. சம்மரியில் கையெழுத்திட்டவர் அந்த வரியைப் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

டிஸ்சார்ஜ் சம்மரியை மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன் படித்துப் பார்க்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வதற்கு இதுவே காரணம். அன்றைய மனநிலையில் அது எளிதன்று என்பதும் தெரியும். பில் கட்டவும், மருந்து வாங்கவும், வண்டி ஏற்பாடு செய்யவும் ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் உடன் இருக்கும் மகனோ மகளோ ‘முந்தைய நோய் வரலாறு’ என்ற அந்த ஒரு பத்தியை மட்டுமாவது படிக்கலாம். எந்த நோய், எத்தனை காலமாக, புகை உண்டா, மது உண்டா என்பவை அங்கேதான் இருக்கின்றன. காப்பீட்டு நிறுவனத்தின் மருத்துவர் முதலில் படிப்பதும் அந்தப் பத்தியைத்தான். அன்றே கண்ட பிழையை அன்றே திருத்தச் சொன்னால் ஐந்து நிமிட வேலை. க்ளெய்ம் நிராகரிக்கப்பட்ட பின் திருத்தினால், ‘இது பிற்பாடு யோசித்து வாங்கிய சான்று’ என்ற ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது.

அந்த ஐயத்தை நீக்கத்தான் முதல் தாளின் நகல் உதவுகிறது. அது க்ளெய்ம் கேட்பதற்கு முன் எழுதப்பட்டது. ஆசிரியர் அதோடு நில்லாமல், பாலிசி எடுத்த மறு ஆண்டில் செய்துகொண்ட முழு உடல் பரிசோதனையின் அறிக்கையையும் தேடி எடுத்தார். அதில் சர்க்கரை அளவு இயல்பாக இருந்தது. நீரிழிவு மாத்திரை முதன்முதலாக எழுதப்பட்ட மருந்துச் சீட்டும் வீட்டில் இருந்தது. சம்மரி தவறு என்று விளக்கிச் சிகிச்சை அளித்த மருத்துவர் ஒரு கடிதம் தந்தார். திருத்திய சம்மரியில் மருத்துவமனை முத்திரையிட்டது. எல்லா ஆவணங்களும் ஒரே செய்தியைச் சொல்லின.

விதிகள் இவ்விடத்தில் வாடிக்கையாளருக்கு வலுச் சேர்க்கின்றன. 2024 மே மாதம் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுக்கான முதன்மைச் சுற்றறிக்கையின்படி, நிறுவனத்தின் உயர்மட்டக் குழுவோ அதன் க்ளெய்ம் மறுஆய்வுக் குழுவோ ஒப்புதல் தராமல் எந்த க்ளெய்மையும் நிராகரிக்கலாகாது. நிராகரித்தால் பாலிசியின் எந்த நிபந்தனையின் கீழ் என்பதைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘மறைத்தல்’ என்று மட்டும் சொல்லும் கடிதத்துக்கு, ‘எந்த ஆவணத்தின் எந்த வரியை வைத்து இம்முடிவு?’ என்று திருப்பிக் கேட்க உரிமையுண்டு. தொடர்ச்சியாக 60 மாதங்கள் நடந்த பாலிசியில், நிரூபிக்கப்பட்ட மோசடி இருந்தாலன்றி, மறைத்தல் என்ற காரணத்தைக் காட்ட முடியாது. ஆசிரியரின் பாலிசிக்கு 48 மாதங்களே ஆகியிருந்ததால் அந்தக் காப்பு அவருக்கு எட்டவில்லை. ஆயுள் காப்பீட்டில் இந்த எல்லை மூன்று ஆண்டுகள். காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, அதற்குப் பின் எந்தக் காரணத்தாலும் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்க முடியாது என்கிறது.

இன்னொரு தவறான அச்சத்தையும் களைய வேண்டும். ‘க்ளெய்ம் கேட்டால் அடுத்த ஆண்டு புதுப்பிக்க மறுத்துவிடுவார்கள்’ என்று பலர் எண்ணுகிறார்கள். முந்தைய ஆண்டுகளில் க்ளெய்ம் கேட்டார் என்பதற்காக மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க மறுக்கலாகாது என்று அதே சுற்றறிக்கை திட்டவட்டமாகக் கூறுகிறது. ஆனால் வேறு நிறுவனத்துக்கு மாற விரும்புவோருக்குக் க்ளெய்ம் வரலாறு முக்கியம்தான். பழைய நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் தகவலை அனுப்ப வேண்டும். அதன்பின் 5 நாட்களுக்குள் புதிய நிறுவனம் முடிவைச் சொல்ல வேண்டும். இவ்வளவு வேகமாக நடக்கும் பரிமாற்றத்தில் பிழையைத் திருத்த அவகாசம் இராது. மாறும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிப்பதற்கு முன்பே பழைய நிறுவனத்திடம் உங்கள் க்ளெய்ம் விவரங்களை எழுத்தில் கேட்டுப் பெற்றுச் சரிபாருங்கள்.

முறையிடும் படிகள்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். அவருடைய பெயரும் முகவரியும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். தொலைபேசியில் பேசி முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். எழுத்தில் அனுப்பி முறையீட்டு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள். 14 நாட்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். நிறுவனம் அசையாவிட்டால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. நடத்தும் பீமா பரோசா இணையவாசலில் பதியலாம். 155255 என்ற கட்டணமில்லா எண்ணிலும் சொல்லலாம். ஆணையம் நீதிமன்றம் போல் தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால் தன் பார்வையில் பட்ட புகாருக்கு நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பதே அங்கு கிடைக்கும் பயன்.

அடுத்த படி காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் மனநிறைவு தராவிட்டாலும் அவரை அணுகலாம். நிராகரிப்புக் கிடைத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அணுக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, இணையம் வழியாகவும் மனு செய்யலாம். ரூ.50 லட்சம் வரையிலான இழப்பீட்டை அவர் வழங்கலாம். 2021இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பின், க்ளெய்ம் மறுப்பு மட்டுமன்றிச் சேவைக் குறைபாடுகளும் அவர் வரம்புக்குள் வந்துவிட்டன. எனவே தவறான பதிவைத் திருத்த மறுப்பதும் அங்கே முறையிடத் தக்கதே. அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதை 30 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால், ஒவ்வொரு நாளுக்கும் ரூ.5,000 வீதம் வாடிக்கையாளருக்கு நிறுவனம் தர வேண்டும் என்பது ஆணையத்தின் உத்தரவு. வாடிக்கையாளருக்கு அத்தீர்ப்பு பிடிக்காவிட்டால் அவர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். அங்கே கால எல்லை இரண்டு ஆண்டுகள். தாம் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. நிறுவனத்தின் தலைமையகம் டெல்லியில் இருக்கிறதே என்று தயங்க வேண்டியதில்லை.

என்னைக் கேட்டால், ரூ.17,500 போன்ற தொகைகளுக்கு ஆம்பட்ஸ்மேனே சிறந்த இடம் என்பேன். நுகர்வோர் ஆணைய வழக்குகள் நீள்வதுண்டு. சிறிய தொகைக்காகப் பல ஆண்டுகள் அலைவதில் பொருளில்லை.

கடன் ஏட்டோடு ஒப்பிட்டால்

கடன் அறிக்கையில் பிழை இருந்தால் நிலைமை இவ்வளவு சிக்கலாக இராது. 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம், திருத்தக் கோரிய 30 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் வெளியிட்ட சுற்றறிக்கையோ ஒருபடி மேலே சென்று, 30 நாட்களைத் தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.100 வீதம் புகார்தாரருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று விதித்தது. ரூ.100 சிறிய தொகைதான். ஆனால் தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்றவுடன், மேசையில் உறங்கும் கோப்பு எழுந்துவிடுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை முழுக் கடன் அறிக்கையை ஒவ்வொரு தகவல் நிறுவனத்திடமும் இலவசமாகப் பெறும் வசதியும் உண்டு. காப்பீட்டு க்ளெய்ம் வரலாற்றுக்கும் இவ்விரண்டும் வேண்டும்: ஆண்டுக்கு ஒரு பிரதி, தாமதத்துக்கு ஒரு விலை. இவற்றை நடைமுறைப்படுத்த முடியாது என்று சொல்வதற்கில்லை. தகவல் ஏற்கெனவே ஐதராபாத்தில் திரட்டப்பட்டு வருகிறது.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு புதிய வாயிலைத் திறந்துள்ளது. தம்மைப் பற்றிய தரவைத் திருத்தவும், நிறைவாக்கவும், புதுப்பிக்கவும் கோரும் உரிமையை அது குடிமக்களுக்குத் தருகிறது. ஒருவரைப் பாதிக்கும் முடிவெடுக்கப் பயன்படும் தரவு முழுமையாகவும் பிழையின்றியும் இருக்கச் செய்வது தரவை வைத்திருப்பவரின் கடமை என்றும் அது கூறுகிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகின்றன. காப்பீட்டு நிறுவனமும், டி.பி.ஏ.வும், மருத்துவமனையும் கணினியில் தரவை வைத்திருப்பவர்களே.

வங்கியின் பங்கு பற்றியும் ஒரு சொல். வங்கிக் கிளையில் வாங்கிய பாலிசியாயினும், க்ளெய்ம் ஏடு காப்பீட்டு நிறுவனத்துக்கே உரியது. கிளை அலுவலரால் அதைத் திருத்த முடியாது. ஆனால் முன்மொழிவுப் படிவம் கிளையில் நிரப்பப்பட்டிருந்தால் அதில் என்ன எழுதினோம் என்பதற்கு அந்தப் படிவமே சான்று. பாலிசியுடன் அதன் நகலும் வர வேண்டும். வராவிட்டால் கேட்டுப் பெறுங்கள். ஆயுள், மருத்துவக் காப்பீடுகளில் பாலிசியைப் படித்துப் பார்க்க 30 நாட்கள் அவகாசம் உண்டு. பிறர் நிரப்பிய படிவத்தில், நாம் சொன்ன இரத்த அழுத்தம் ‘இல்லை’ என்று குறிக்கப்பட்டிருந்தால், அதைக் கண்டுபிடிக்க வேண்டிய நாட்கள் இவைதாம். ‘உங்கள் க்ளெய்ம் பதிவைச் சுத்தம் செய்து போனஸைத் திருப்பித் தருகிறோம்’ என்று தொலைபேசியில் கூறி ஓ.டி.பி. கேட்பவர்களிடம் பேச்சை வளர்க்காமல் துண்டித்துவிடுங்கள்.

மாட்டுங்கா ஆசிரியர் எல்லா ஆவணங்களையும் இணைத்துக் குறைதீர் அலுவலருக்கு எழுதினார். டி.பி.ஏ. முதலில் தன் முடிவிலேயே நின்றது; அவர் பீமா பரோசாவிலும் பதிந்தார். மறுஆய்வுக்குப் பின் க்ளெய்ம் ஏற்கப்பட்டு, பாலிசியில் அடங்காத சில செலவுகள் போக மீதித் தொகை அவர் கணக்கில் வரவானது. முறித்த வைப்பில் இழந்த வட்டி இழந்ததுதான்.

பணம் வந்த பிறகும் அவர் விடவில்லை. நிறுவனத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினார்: ‘என் கோப்பிலும், டி.பி.ஏ.வின் கோப்பிலும், தகவல் மையத்துக்கு அனுப்பிய விவரத்திலும் நிராகரிப்பு என்ற பதிவு திருத்தப்பட்டதா? நீரிழிவு தொடங்கிய நாள் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளதா? எழுத்தில் உறுதிசெய்க.’ பதில் வர மூன்று வாரங்களும் இரண்டு நினைவூட்டல்களும் தேவைப்பட்டன. வந்த அந்த ஒற்றைப் பக்கக் கடிதத்தை அவர் பாலிசிக்கு மேலே வைத்து, அடுத்த முன்மொழிவுப் படிவத்துக்காகப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.